ராஜா குறுக்கே பேச மாட்டார்

ராஜாவின் தலை உடைந்துவிட்டது என்று தச்சர் வந்து சொன்னார்.

வழிகாட்டி நிலைக்கண்ணாடியின் முன்னால் நின்று புதுச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த ராஜா?"

"நம்மகிட்ட இருக்கிறதே ஒரு ராஜாதானே சார்."

"எப்படிப்பா உடைஞ்சுது?"

"தூசி தட்டலாம்னு தூக்கினேன். கை நழுவிடுச்சு."

"தூசி தட்ட எதுக்குத் தூக்கணும்? மெழுகைத் தூக்கவே கூடாது. மெழுகுல பொம்மை செய்யற வழக்கம் எப்படி வந்துதுன்னு தெரியுமா உனக்கு? அந்தக் காலத்துல..."

"சார், இன்னும் கொஞ்ச நேரத்துல கதவைத் திறந்துடுவாங்க."

வழிகாட்டி பார்க்கக் கிளம்பினார். தச்சர் குறுக்கே நின்றார்.

"வேண்டாம் சார். மூக்கு ஒரு பக்கம், தாடை ஒரு பக்கம். நீங்க பார்த்தா அப்புறம் பேச்சே வராது."

இதற்கு வழிகாட்டி பயந்துவிட்டார். போகவில்லை.

அருங்காட்சியகத்தைத் தினமும் மாலையில் மூடிவிடுவார்கள். அன்று மட்டும் மூடிவிட்டு மறுபடியும் திறப்பதாக ஏற்பாடு. மின்விளக்கு கிடையாது. எல்லா அறையிலும் கண்ணாடிக் கூண்டு போட்ட எண்ணெய் விளக்கு. வருகிறவர்கள் பழங்கால உடையில் வர வேண்டும். 'ராஜாவோடு ஒரு மாலை' என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி. சுவரொட்டியில் ராஜாவின் முகம்.

மாலை முழுவதும் பேசப்போகிறவர் வழிகாட்டி. ஒரு மாதமாக ஒத்திகை பார்த்திருந்தார். குளிக்கும்போது பார்த்தார். பஸ்ஸில் பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். ரேடியோவையாவது அணைக்கலாம் என்பது காவலாளியின் கருத்து.

ரேடியோவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மற்றவர்கள் பேசத் தொடங்கினால் மீதியை அவரே சொல்லி முடிப்பார். பெரும்பாலும் தப்பாக.

மனைவி இருந்தவரை இவ்வளவு பேசியதில்லை. அவள் போன பிறகு வீட்டில் சத்தம் நின்றது. அதை அவரால் தாங்க முடியவில்லை. சாப்பிடும்போது பேசினார். பாத்திரம் கழுவும்போது பேசினார். மகள் அடுத்த அறையில் தூங்கிப்போன பிறகும் கதவைப் பார்த்துப் பேசினார்.

மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இளைஞன். நல்லவன். பேச்சு மட்டும் திக்கும்.

பெண் கேட்டு அவன் வீட்டுக்கு வந்தான். "ஐயா, நான் உங்க..." என்று தொடங்கினான்.

"என் கண்ணாடியைப் பத்தித்தானே? பழசாயிடுச்சு, மாத்தணும்னு நானே நினைச்சேன். உட்காரு தம்பி," என்றார் ரேடியோ. பிறகு மூக்குக்கண்ணாடியின் வரலாற்றை எடுத்தார். அவன் தேநீர் ஆறும்வரை கேட்டான். எழுந்து போனான்.

அடுத்த முறை நிஜமாகவே ஒரு கண்ணாடி செய்து எடுத்துவந்தான். அதைக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம் என்று எண்ணம். கண்ணாடி அருமையாகப் பொருந்தியது. அதனால் வரலாறு இன்னும் நீண்டது.

மூன்றாவது முறை வர மாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டான். "அவருக்கு என்னைப் பி... பிடிக்கலை. அதான் பேச விட மாட்டேங்கிறார்." வேறு ஊரில் ஒரு கடை வாடகைக்கு வருகிறதாம். அங்கே போய்விடலாம் என்று இருக்கிறானாம்.

ரேடியோவுக்கு இது எதுவும் தெரியாது. அன்று காலையில்கூட மகள் தொடங்கினாள்.

"அப்பா, அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் இருக்காரே, அவர்..."

"தங்கமான பையன். நான் சொன்னதெல்லாம் எப்படி உன்னிப்பாக் கேட்டான் பார்த்தியா? இன்னைக்குச் சாயந்திரம் அவனையும் வரச் சொல்லு. நல்லாப் பேசப் போறேன்."

"அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"பழைய உடை வேணும், அதானே? அம்மா பெட்டியில இருக்கு. எடுத்துக்க."

மகள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வெங்காயமா?" என்று கேட்டுவிட்டு அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

இப்போது ராஜா இல்லை.

"மந்திரி இருக்காரே," என்றார் ரேடியோ. "மந்திரிக்கு ராஜா உடையைப் போட்டு உட்கார வெச்சுடு. இந்த வெளிச்சத்துல யாருக்குத் தெரியப் போகுது?"

மந்திரி நிற்பதற்கென்றே செய்த பொம்மை. உட்காரவில்லை. முழங்காலைச் சூடாக்கி மடக்கலாம் என்று ரேடியோ யோசனை சொன்னார்.

"சார், சூடாக்கினா அது..."

"ரொம்பச் சூடாக்க வேண்டாம்கிறே. சரி, லேசா."

லேசாகச் சூடாக்கினார்கள். மந்திரியின் கால் தனியாக வந்துவிட்டது.

"காவலாளியை உட்கார வெப்போம்," என்றார் ரேடியோ.

அங்கி காவலாளியின் தோளில் ஏறியது. வயிற்றில் நின்றுவிட்டது. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தார். தாடியை ஒட்டினார்கள். தும்மினார். முதுகுப் பக்கம் அங்கி மேலிருந்து கீழ்வரை கிழிந்தது.

"உட்கார்ந்துட்டா முதுகு தெரியாது சார்," என்றார் காவலாளி.

"வயிறு தெரியுமே," என்றார் தச்சர்.

அந்த நேரத்தில் இயக்குநர் உள்ளே வந்தார். மகாராணி வேடத்தில் இருந்தார். முகத்தில் மட்டும் இந்தக் காலத்துக் கவலை.

"பொம்மையை நன்கொடையாக் கொடுத்தவர் வாசல்ல வந்து இறங்கிட்டார். அவங்க அப்பா நினைவாக் கொடுத்தது. தலை உடைஞ்சுதுன்னு எந்த முகத்தோட சொல்றது?"

"நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன் மேடம்," என்றார் ரேடியோ.

"நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்."

தச்சர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், அந்தப் பொம்மைக்கு அளவு கொடுத்ததே சார்தான்."

அது உண்மை. பொம்மை செய்த காலத்தில் ரேடியோ தினமும் பட்டறைக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார். சும்மாதானே நிற்கிறார் என்று தச்சர் அவரை அளந்து உடம்பைச் செய்தார். தன்னை அளந்ததை ரேடியோ கவனிக்கவே இல்லை.

இயக்குநர் ரேடியோவை மேலும் கீழும் பார்த்தார்.

"மேடம், நான் பேசணுமே."

"இன்னைக்கு நீங்க பேசக் கூடாது. அசையவும் கூடாது. நன்கொடையாளர் கண்ணுக்கு நீங்க பொம்மை. அவ்வளவுதான்."

"அப்போ யார் பேசுவா?"

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று சொல்ல டிக்கெட்காரம்மா அப்போதுதான் எட்டிப் பார்த்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நானா? எனக்கு ராஜா கதை தெரியாதே."

"வருஷக்கணக்கா சார் சொல்றதைக் கேக்கறீங்களே," என்றார் இயக்குநர்.

"காதுல விழும் மேடம். கேட்டதில்லை."

வேறு வழியில்லை. கிழிந்த அங்கியைப் போட்டு ரேடியோவைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். முகத்தில் பளபளப்பாக ஏதோ பசை தடவினார்கள். தாடி, மீசை, கிரீடம். ராஜா காலத்தில் மூக்குக்கண்ணாடி இல்லை. அதனால் அதைத் தச்சர் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அறை மங்கிப்போனது.

"எது நடந்தாலும் வாயைத் திறக்காதீங்க சார்," என்றார் தச்சர். அதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் சந்தோஷமாக இருந்த மாதிரி தெரிந்தது.

கூட்டம் வந்தது. ரேடியோவுக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பட்டுத் துணிகளின் சரசரப்பு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"இவர்தான் ராஜா," என்றார் டிக்கெட்காரம்மா. கொஞ்ச நேரம் யோசித்தார். "இவருக்கு ஏழு மனைவி."

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. ராஜாவுக்கு ஒரே மனைவி. அவள் இறந்த பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை அவர் தினமும் சொல்வார். கொஞ்சம் அழுத்தியே சொல்வார்.

"ஏழு பேரை எப்படிச் சமாளிச்சார்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"வீட்டுக்குள்ள போனா வாயே திறக்க மாட்டாராம்."

கூட்டம் சிரித்தது. இந்த அறையில் இத்தனை வருடத்தில் யாரும் சிரித்து ரேடியோ பார்த்ததில்லை.

"எப்படிச் செத்தார்?"

"போர்ல."

காய்ச்சலில், என்று ரேடியோ மனதுக்குள் கத்தினார்.

"எந்தப் போர்?"

"பெரிய போர்," என்றார் டிக்கெட்காரம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள்.

நன்கொடையாளர் முன்னால் வந்தார். ராஜாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்கே."

"விளக்குச் சூடு," என்றார் இயக்குநர்.

"மூச்சு விடற மாதிரியே இருக்கு."

"நல்ல வேலைப்பாடு."

"மூக்குக்குள்ள முடிகூட வெச்சிருக்கான் பாருங்க. எங்கப்பா பார்த்திருந்தா பூரிச்சுப் போயிருப்பார்." அவர் குரல் தழுதழுத்தது. கிரீடத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

ஒரு பெண் ராஜாவின் தோளில் முழங்கையை ஊன்றிப் படம் எடுத்துக்கொண்டாள். அவள் கணவன், ராஜாவின் மடியில் உட்காரட்டுமா என்று கேட்டான். இயக்குநர் கூடாது என்றார். அந்த இடைவெளியில் ராஜாவுக்கு மூக்கு அரித்தது. முதலில் நுனியில். பிறகு முழுக்க. அரசாள்வது எவ்வளவு கஷ்டம் என்று ரேடியோவுக்கு அன்றுதான் புரிந்தது.

"முற்றத்துல தேநீர் தயாரா இருக்கு. எல்லாரும் வாங்க," என்று தச்சரின் குரல் கேட்டது. கூட்டம் நகர்ந்தது. டிக்கெட்காரம்மாவைச் சுற்றி நாலைந்து பேர் கேள்வி கேட்டுக்கொண்டே போனார்கள். ரேடியோவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க அவர் இடம் கொடுத்ததில்லை.

அறை காலியானது. ரேடியோ ஒரு விரலைத் தூக்கினார்.

கதவு திறந்தது. விரல் அந்தரத்தில் நின்றது. இரண்டு உருவங்கள் உள்ளே வந்தன. பின்னால் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"இங்கே யாரும் இல்லை. இங்கேயே சொல்லிப் பாருங்க."

மகளின் குரல்.

"யா... யார்கிட்ட?"

இந்தக் குரலும் தெரிந்த குரல்தான். கண்ணாடிக்கடைத் தம்பி.

"ராஜாகிட்ட. அவரை அப்பான்னு நினைச்சுக்குங்க. ராஜா குறுக்கே பேச மாட்டார்."

இளைஞன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டான். பிறகு சிம்மாசனத்துக்கு எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"ஐயா. நான் உங்க... உங்க..."

ரேடியோவின் நாக்கு தானாக எழுந்தது. உங்க கண்ணாடி. உங்க வீடு. உங்க பேச்சு. எடுத்துக்கொடுக்கச் சொற்கள் வரிசையில் நின்றன. வாயைத் திறக்க முடியாது.

மகள் காத்திருந்தாள். அவனை அவசரப்படுத்தவில்லை. இளைஞன் மூச்சை இழுத்து விட்டான். மறுபடியும் முயன்றான். சொல் வந்தது.

"உங்க பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன்."

விளக்குத் திரி சடசடத்தது.

ரேடியோவுக்கு முதலில் கோபம் வந்தது. பொம்மையிடம் வந்து பெண் கேட்கிறான். வீட்டுக்கு வந்து கேட்டால் என்ன? பிறகு, அவன் வீட்டுக்கு வந்தது நினைவுக்கு வந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தது. தேநீர் ஆறியது. 'ஐயா, நான் உங்க...' என்றது. அப்புறம் இன்னொரு நாள், கையில் கண்ணாடியோடு வந்து, அதே 'ஐயா, நான் உங்க...'

அந்த வாக்கியம் இவ்வளவு நாளும் பாதியில் நின்றிருக்கிறது. அவருடைய வீட்டில்தான் நின்றிருக்கிறது.

"எனக்குப் பேச்சு மெ... மெதுவாத்தான் வரும்," என்றான் இளைஞன். "அதுக்குள்ள யாராவது முடிச்சு வெச்சுடுவாங்க. நானும் சரின்னு விட்டுடுவேன். ஹோட்டல்ல கேட்டதை நான் சாப்பிட்டதே இல்லை. உங்க பொண்ணுகிட்ட மட்டும்தான் பேசி முடிச்சிருக்கேன்."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"இன்னொண்ணு சொல்லணும்னீங்களே," என்றாள்.

"அதையுமா?"

"ராஜாதானே. சும்மா சொல்லுங்க."

இளைஞன் சிம்மாசனத்தின் படியில் உட்கார்ந்தான். இப்போது அவன் குரல் பக்கத்தில் கேட்டது.

"கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க தனியா இருக்க வேண்டாம். எங்க வீட்டுல நானும் அம்மாவும்தான். ரெண்டு பேருமே பேச மாட்டோம். கடிகாரம்தான் பேசும். நீங்க வாங்க. பேசுங்க. நா... நான் கேட்கறேன். அந்தக் கண்ணாடிக் கதை வேற பாதியில நிக்குது. காதுல மாட்டற கம்பி வர்றதுக்கு முன்னாடி கண்ணாடியை எப்படி முகத்துல நிறுத்தினாங்கன்னு சொல்ல வந்தீங்க. எனக்குக் கடை திறக்க நேரமாயிடுச்சு. இன்னும் அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நிஜமாவே அந்தக் கதை பிடிச்சுதா?" என்றாள் மகள்.

"பிடிச்சுது. எனக்குப் பேச இ... இடம் கிடைக்கலை. அவ்வளவுதான்."

ராஜாவின் மீசை ஒரு பக்கம் பசை விட்டது. கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கித் தாடிக்குள் போனது. இன்னொன்று கிளம்பியது.

மகள் அருகில் வந்தாள். மீசையை அழுத்தி ஒட்டினாள். புறங்கையால் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"என்ன அது?" என்றான் இளைஞன்.

"மெழுகு. சூட்டுல உருகுது."

"ராஜா எ... என்ன சொல்றார்?"

"முழுசாக் கேட்டுட்டார். வாங்க போகலாம்."

கதவு திறந்து மூடியது. ரேடியோவுக்கு மூக்கைச் சொறிய வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு இயக்குநர் வந்தார். நன்கொடையாளர் இன்னொரு பொம்மை தருவதாகச் சொல்லியிருந்தார். டிக்கெட்காரம்மாவுக்குக் கைதட்டல் நிற்கவில்லையாம்.

"அடுத்த மாசமும் இதே ஏற்பாடு. நீங்க ராஜா, அவங்க பேச்சு. சரிதானே?"

ரேடியோ தலையை ஆட்டினார். கிரீடம், அங்கி, தாடி, மீசை எல்லாவற்றையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, முகத்துப் பசையைத் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்தார்.

"உடம்பு சரியில்லையா?" என்று இயக்குநர் காவலாளியிடம் கேட்டார்.

"தெரியலை மேடம். இப்படி ஆனதே இல்லை," என்றார் காவலாளி. பயந்துபோயிருந்தார்.

வெளிக்கதவு அருகே தெருவிளக்கின் கீழே மகளும் இளைஞனும் நின்றிருந்தார்கள். ரேடியோவைப் பார்த்ததும் அவள் அவன் முதுகில் லேசாகத் தட்டினாள். அவன் முன்னால் வந்தான்.

"ஐயா. நான்... நான் உங்க..."

சொல் சிக்கிக்கொண்டது.

ரேடியோ இப்போது ராஜா இல்லை. யாரும் அவர் வாயைக் கட்டவில்லை. அடுத்த சொல் என்ன என்பதும் அவருக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான சொல். அது நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. மகள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பஸ் போனது. காவலாளி ஒரு ஜன்னலைச் சாத்தினார். அப்புறம் இன்னொன்றைச் சாத்தினார்.

ரேடியோ இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"...உங்க பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்க ஆ... ஆசைப்படறேன்."

இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று ரேடியோ பார்த்தார். இல்லை என்று தெரிந்தது.

"சரிப்பா," என்றார்.

மகள் காத்திருந்தாள். இதற்குப் பிறகு நிச்சயம் ஏதாவது வரும். கல்யாணத்தின் வரலாறு வரும். எதுவும் வரவில்லை. அவள் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். இளைஞன் என்ன செய்வதென்று தெரியாமல் விளக்குக் கம்பத்தைத் தடவினான்.

"நீங்க முன்னாடி நடங்க. வந்துடறேன்," என்றார் ரேடியோ.

அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தச்சர் வந்துகொண்டிருந்தார். ரேடியோ அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். தெருவில் போகும் இரண்டு பேரும் தெளிவாகத் தெரிந்தார்கள். இளைஞன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மகள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரேடியோ தச்சரைத் தனியாகச் சுவரோரம் கூட்டிப்போனார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு உதவி செய்யணும். சிம்மாசனத்துல உட்கார்ந்திருந்தது நான்தான்னு என் பொண்ணுக்கு எக்காரணம் கொண்டும் தெரியக் கூடாது. ரெண்டு பேரும் மனசுவிட்டுப் பேசினதைக் கேட்டுட்டேன். தெரிஞ்சா அது கூசிப் போயிடும். நாளைக்குக் காலையில அது வந்து பார்த்தாலும் அங்கே பொம்மை உட்கார்ந்திருக்கணும். எப்படியாவது அந்தத் தலையை ஒட்டிடுப்பா."

சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். தச்சருக்கு அது புதிதாக இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டார்.

"ஒட்டறதுக்கு ஒண்ணும் இல்லை சார். ராஜா என் பட்டறையில போர்வையைப் போத்திக்கிட்டு முழுசா உட்கார்ந்திருக்கார். அப்பாவை ஒரு கால்மணி நேரம் வாயைக் கட்டி உட்கார வெச்சுத் தாங்கன்னு உங்க பாப்பாதான் ஒரு வாரமா வந்து கெஞ்சிக்கிட்டு இருந்துச்சு."